நாற்பது ஐரிஸ் கிழங்குகள்

கோல்டிங்
3 யூலை 1988

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம். தம்பி தாரகன் பக்கத்தில் இருந்தால் வாய்விட்டு வாசிக்கவும் வேண்டாம். அவனுக்கு ஆறு வயது, கேட்டதைச் சந்திக்கடை வரைக்கும் கொண்டுபோவான். பெரியம்மா கேட்டால் பள்ளிக்கூடப் புதினம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, அப்பாவுக்கு எழுதும்போது இதில் ஒரு வரிகூடத் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அப்பா படுத்துவிட்டார். இங்கே இந்த மாதத்தில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. லைற் போடாமலே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வேலை போய் மூன்று கிழமை. அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். போனதற்குக் காரணம் நான்.

அவர் வேலை செய்தது கெர்டா என்ற பெண்ணின் பூந்தோட்டத்தில். ரவுணிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். கெர்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அது வராது. அதனால் அவரைக் கூப்பிட வேண்டிய நேரமெல்லாம் இருமுவார்.

கெர்டா எல்லாச் செடியும் விற்பார், ஆனால் அவருக்கு உயிர் ஐரிஸ்தான். வாள் மாதிரி இலை. இடுப்புயரத்துக்குத் தண்டு. அடியில் இஞ்சி போலக் கிழங்கு. பூவில் மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்குகிற இதழின் நடுவில் கம்பளி நூல் போல மயிர் வரிசையாக இருக்கும். அதற்குத் தாடி என்றுதான் பெயர். ஏழு வருடத்துக்கு முன் கெர்டா ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் வைத்து, விதை எடுத்துப் போட்டு, ஒரு புதுச்செடி உண்டாக்கினார். அதற்கு இன்னும் பெயர் இல்லை, 81-14 என்ற இலக்கம்தான். உலகத்தில் வேறு ஒருவரிடமும் அது இல்லை. பிரித்துப் பிரித்துப் போன ஓகஸ்டில் நாற்பது கிழங்கு ஆக்கியிருந்தார். இந்த யூனில் பூத்ததும் உயரம் அளந்து, நிறம் எழுதி, பதிவுக்கு அனுப்புவதாக இருந்தது.

நாற்பதையும் நட்டது அப்பா. கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே, வெயில் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கெர்டா ஒன்றை வைத்துக் காட்டினாராம். அப்பா அப்படியே செய்தார். அது அப்போது எனக்குத் தெரியாது.

ஒக்ரோபரில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை லீவு. ஒரு நாள் அப்பாவோடு போனேன். அப்பா கண்ணாடிக் கூடத்துக்குள் வேலை. நான் வெளியே சுற்றிக்கொண்டு வந்தபோது அந்தப் பாத்தியைக் கண்டேன். நாற்பது கிழங்கும் முதுகு வெளியே தெரியப் பச்சையாகிக் கிடந்தன. நீங்கள் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும்போது சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது. "வெயில் பட்டாப் பச்சையாகும், பச்சையானது நஞ்சு." அப்பா சங்கக்கடை மனேச்சராக இருந்தவர்தானே, அவருக்குத் தோட்டம் தெரியாது, மூடாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கெர்டா கண்டால் ஏசுவார் என்று பயந்தேன். ஒருவரும் பார்க்காத நேரம் நாற்பதுக்கும் நாலு விரல் உயரத்துக்கு மண் அணைத்து, குவியலில் இருந்த சாணத்தையும் அள்ளி மேலே போட்டேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. நல்லாய்ப் பூத்தால் அவருக்குப் பெயர் வரட்டும் என்று இருந்தேன். அந்தக் கிழமையே உதிர்ந்த இலையும் பிறகு பனியும் பாத்தியை மூடிவிட்டன, ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த யூனில் ஒரு பூவும் இல்லை. இலை மஞ்சளாகி, பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. மணம் தாங்க முடியவில்லை. கெர்டா அப்பாவை நிறுத்திவிட்டார்.

நானும் அப்பாவும் வந்து இரண்டு வருடம் முடிகிறது. நீங்களும் தாரகனும் வருவதற்குக் கொழும்பில் விண்ணப்பம் கொடுத்துப் பதினாறு மாதம். வேலையில்லாத ஆட்களின் பேப்பரை அடியில் வைத்துவிடுவார்கள் என்று எஸ்பியர்க்கில் இருக்கிற செல்வரட்ணம் மாமா சொல்கிறார். அப்படியென்றால் நீங்கள் வராமல் இருப்பது என்னாலேதான்.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம். மேல்மாடியில் மேரிகிறேஸ் அக்கா இருக்கிறா, வயோதிபர் இல்லத்தில் வேலை. அவவின் விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று அவ கேட்கவில்லை.

உங்கள் மகள்
நிரோஜினி


நீர்வேலி
9 ஓகஸ்ட் 1988

நிரோ பிள்ளைக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. எரிக்கவில்லை. மா வைக்கிற தகரப் பேணிக்குள் வைத்திருக்கிறேன், அதற்குள் என்னைத் தவிர ஒருவரும் கை விடுவதில்லை.

முதலில் கிழங்கு. மற்றது பிறகு.

பச்சைச் சாணம் போட்டாயா, உக்கிய எருவா? எழுதவில்லை. பச்சைச் சாணத்தைக் கிழங்கின் தலையில் வைத்து மழையிலும் பனியிலும் விட்டால் இஞ்சியும் அழுகும். நாங்கள் மண் அணைப்பது எங்கள் வெயிலுக்கு. அங்கே வெயில் எவ்வளவென்று நீதான் போன வருடம் எழுதியிருந்தாய். முதுகைத் திறந்து வை என்று அந்த மனுசி சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். செடியை அறிந்தவள் அவள், நீ இல்லை.

இலை போனால் கிழங்கு செத்தது என்று எண்ணாதே. மண்ணை விலக்கிப் பெருவிரலால் அமத்திப் பார். களிபோல இறங்கினால் எறி. இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழுகியிருந்தால் வெள்ளைச் சதை வரும்வரை வெட்டு. வெட்டின இடத்தில் சாம்பல் பூசி, ஒரு நாள் காயவிட்டு, அவள் காட்டினபடி திரும்ப வை. ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைத் துடை.

இனி மற்றது. உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஓர் இடம் இடறுகிறது. மண் போட்டது நீ. அப்பாவுக்கு அது தெரியாது. அப்படியானால் அந்த மனுசி "ஏன் மண் போட்டாய்" என்று கேட்டிருப்பாளே, அவர் "நான் போடவில்லை" என்று சொல்லியிருப்பாரே? உன் அப்பா செய்யாததைச் செய்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை. அந்த இடத்தில் என்ன நடந்தது? எழுது.

இன்னொன்று. யூனுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இங்கே சனம் சும்மா இருக்காது. "அங்க போன ஆம்பிளையள் எழுத மறந்தா ஏனெண்டு எங்களுக்குத் தெரியாதோ" என்று கிணற்றடியில் எனக்குக் கேட்கச் சொன்னார்கள். போன புதன்கிழமை அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நல்ல கடிதம் அல்ல. உன்னுடையது ஒரு கிழமை முந்தி வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். இனித் திருப்பி எடுக்க ஏலாது.

பூவுக்குத் தாடி இருக்கிறது என்று மட்டும் தாரகனுக்குச் சொன்னேன். "அப்ப காலமை சவரம் எடுக்குமோ?" என்று கேட்கிறான்.

அம்மா


கோல்டிங்
25 செப்ரெம்பர் 1988

அன்புள்ள அம்மா,

இதையும் ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

நீங்கள் அப்பாவுக்குப் போட்ட கடிதம் வந்தது. நின்றபடியே வாசித்தார். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, "சாப்பிட்டனியே பிள்ளை?" என்று கேட்டார். பிறகு வெளியே நடக்கப் போனார். மழையில் நனைந்து எட்டு மணிக்கு வந்தார்.

நீங்கள் கேட்ட இடத்தை இப்போது எழுதுகிறேன். முதல் கடிதத்தில் எழுதப் பயந்தேன்.

அப்பாவுக்கு இந்த நாட்டு மொழி, டெனிஷ், இன்னும் சரியாக வராது. கடைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் நான்தான் கூடப் போய்ச் சொல்கிறது. "பிள்ளைதான் என்ர டெனிஷ் வாய்" என்று எல்லாருக்கும் சொல்வார். அன்றைக்கும் கெர்டா என்னையும் வரச் சொன்னார். மூன்று பேரும் பாத்திக்குப் பக்கத்தில் நின்றோம். கெர்டா ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து என்னிடம் கேட்டார்: "நான் காட்டித் தந்த பிறகும் இதற்கு மேலே மண் போட்டது நீயா என்று அப்பாவிடம் கேள்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"இதுகளை நட்டது நீங்களோ எண்டு கேக்கிறா."

"இதென்ன கேள்வி? நான்தான். ஓம் எண்டு சொல்லு."

நான் "யா" என்றேன்.

"நாற்பதுக்குமா?" என்றார் கெர்டா.

"நாற்பதும் நீங்களோவாம்."

"நாற்பதும் நான்தான். ஒண்டையும் மிச்சம் விடேல்லை எண்டு சொல்லு."

அதைச் சொல்லும்போது அப்பா நிமிர்ந்து நின்றார். கெர்டா கையுறையைக் கழற்றினார். ஏசவில்லை. இனி வரவேண்டாம் என்று மெல்லமாகச் சொன்னார். அதை மட்டும் நான் சரியாகச் சொன்னேன்.

பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அவ காட்டின மாதிரித்தான் பிள்ளை வைச்சனான். என்ர கைக்கு ராசி இல்லைப் போல." நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதுதான் அந்த இடம்.

கிழங்கைப் பற்றி. நான் போட்டது பச்சைச் சாணம். சனிக்கிழமைகளில் கெர்டா ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார். மேரிகிறேஸ் அக்காவிடம் போவதாகச் சொல்லி பஸ்ஸில் போய், பின்வேலியால் ஏறினேன். நீங்கள் எழுதினபடி பெருவிரலால் அமத்தினேன். இருபத்திரண்டு களி. ஒன்பது வெறும் கோது. ஒன்பதில் உயிர் இருந்தது. அவற்றை வெட்டிக் காயவைத்தேன். சாம்பலுக்கு எங்கள் மாடிவீட்டு முற்றத்தில் இறைச்சி வாட்டுகிற கிறில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு ஜாம் போத்தல் நிறைய எடுத்துக்கொண்டு போய்ப் பூசினேன்.

இரண்டாவது சனிக்கிழமை திரும்ப நடப் போனால், கெர்டா பாத்திக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். "சாம்பல் பூச ஆர் சொன்னது?" என்று கேட்டார். அம்மா என்றேன். "அம்மா எங்கே?" என்றார். சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மாற்றிச் சொன்னதையும். "அப்படியென்றால் நான் ஒரு நல்ல மனிதரை அனுப்பிவிட்டேன்" என்றார் கெர்டா. அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டேன். கும்பிடுவது என்னவென்று அவருக்குத் தெரியாது, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தான் சொல்ல மாட்டாராம், ஆனால் அப்பாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுவாராம்.

நிரோ


நீர்வேலி
2 நவம்பர் 1988

நிரோ,

தோட்டத்தில் மண் போட்டதற்கு உன்னை நான் ஏச மாட்டேன். அது என் பழக்கம், என்னிடம் பார்த்துச் செய்தாய். அவர் வாயில் இல்லாததை அவர் வாயில் வைத்ததற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் இந்தப் பேப்பரை எடுத்து எடுத்து வைத்தேன்.

பயத்தில் செய்தாய், தெரியும். பயந்தவர்கள் செய்வதை இங்கே தினமும் பார்க்கிறேன்.

அவர் தன் கையை நொந்துகொண்டு இருக்கிறார். அதை மாற்ற உன்னால்தான் முடியும். சொல்லிவிடு.

அம்மா


கோல்டிங்
15 ஜனவரி 1989

அன்புள்ள அம்மா,

சொல்லவில்லை. ஏசுவதென்றால் ஏசுங்கள்.

கெர்டா வீட்டுக்கு வந்தார். கேக் செய்து கொண்டு வந்தார். அப்பா கதிரையைத் துடைத்துவிட்டு இருக்கச் சொன்னார். வேலைக்குத் திரும்ப வரும்படி கெர்டா கேட்க, நான் அப்படியே சொன்னேன். இந்தமுறை ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"ஏனாம் இப்ப?" என்றார் அப்பா.

கெர்டா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "உன் வேலை எனக்குப் பிடித்திருந்தது" என்றார் கெர்டா.

"பூ எல்லாம் அழிஞ்ச வேலை பிடிச்சதாமோ? பாவம் பாத்துத் தாற வேலை எனக்கு வேண்டாம். நன்றி எண்டு சொல்லிவிடு."

நன்றி என்று மட்டும் சொன்னேன். கெர்டாவுக்கு மற்றதும் முகத்தில் விளங்கியிருக்கும். கேக்கை வைத்துவிட்டுப் போனார். அப்பா அதில் ஒரு துண்டும் தொடவில்லை, மேரிகிறேஸ் அக்காதான் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டா.

அப்பா இப்போது எஸ்பியர்க்கில் மீன் வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போகிறார். மத்தியானம் ரயிலேறினால் இரவு பத்துக்குத்தான் வருவார். கை முழுக்க உப்பு வெடிப்பு.

இது அல்ல நான் எழுத வந்தது. நேற்று செல்வரட்ணம் மாமா வந்திருந்தார். அப்பா அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இருபத்திரண்டு மாசம் அண்ணை. ஒரு பதிலும் இல்லை. நான் தொட்டது ஒண்டும் முளைக்காது. யூலையில திரும்பிப் போறன். இவளை உங்களோட விடுறன், படிக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதை தம்பி" என்றார் மாமா.

அப்பா விசர்க்கதை கதைப்பவர் இல்லை. திரும்பிப் போவதற்கான பேப்பர் எடுத்து வைத்திருக்கிறார். நான் பார்த்தேன். அம்மா, வர வேண்டாம் என்று நீங்கள் எழுதுங்கள். எல்லாவற்றையும் நீங்களே அவருக்கு எழுதிவிடுங்கள். எனக்கு ஏலாது.

நிரோ


நீர்வேலி
24 பெப்ரவரி 1989

நிரோஜினி,

வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். கேட்பாரோ தெரியாது. பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் இங்கே நாற்பது வயதுக்கு உட்பட்ட ஆம்பிளை ஒருவரும் ஒரே வீட்டில் இரண்டு இரவு படுப்பதில்லை. பக்கத்து வளவுப் பாலேந்திரா, கொழும்பிலிருந்து தாயைப் பார்க்க வந்தவன், போன மாதம் சைக்கிளில் கோப்பாய்க்குப் போனான். சைக்கிள்தான் கிடைத்தது. உன் அப்பா ஊர் நிலைமை தெரியாமல் இரண்டு வருடம் வெளியில் இருந்தவர். வந்தால் முதல் கிழமை தாண்டமாட்டார்.

மற்றதை நான் எழுத மாட்டேன். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்காகவென்றால் மட்டும் செய்யாததையும் செய்தேன் என்பார். "நான்தான் மண் போட்டனான், பிள்ளையில பிழை இல்லை" என்று எனக்கே பதில் எழுதுவார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதற்குள்ளேயே இருந்துவிடுவார். பிறகு அதை ஒருவராலும் தோண்டி எடுக்க முடியாது.

என் கையை அவர் நம்பமாட்டார். உன் வாயைத்தான் நம்பினவர். யூலைக்கு முந்திச் சொல். சொல்ல முடியாவிட்டால் எழுது, எனக்கு எழுதுகிற கைதானே.

தாரகனுக்குப் பல்லு விழுந்துவிட்டது.

அம்மா


கோல்டிங்
13 யூன் 1989

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதம். பதில் போடாததற்குக் காரணம், சொன்னேன் என்று எழுத முடியாமல் இருந்ததுதான்.

81-14 பூத்துவிட்டது. கெர்டாவும் நானும் திரும்ப நட்ட ஒன்பதில் நாலு தண்டு விட்டது. கெர்டா இந்த முறை பதிவுப் பத்திரத்தை என் கையில் தந்தார். தான் முதல் பூ வந்ததிலிருந்து ஐந்து வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது, புதுக்கண் வேண்டும் என்றார். நான் அளவுகோலைப் பிடித்து அளந்தேன். உயர்ந்த தண்டு தொண்ணூற்று நாலு சென்ரிமீற்றர். மூன்று கிளை, ஏழு மொட்டு. முதல் பூ யூன் ஐந்தாம் திகதி. பத்திரத்தில் மேலிதழ் வெண்ணெய் மஞ்சள், கீழிதழ் பிளம்ஸ் ஊதா என்று டெனிஷில் எழுதினோம். அது சரியில்லை, உங்களுக்குச் சரியாகச் சொல்கிறேன். மேலிதழ், பழுக்க ஒரு நாள் கிடக்கிற கதலி வாழைத்தோல். கீழிதழ், நாவற்பழம் தின்ற நாக்கு, விளிம்பில் மட்டும் வெளுத்திருக்கும். தாடி செவ்விளநீர் நிறம். கிட்டப் போனால் புளிக்கத் தொடங்கின முந்திரிகைப்பழ மணம். மழை பெய்தால் கீழிதழ் கிழிவதில்லை, அதையும் எழுத வேண்டும் என்று கெர்டா சொன்னார். ஒரு பூ மூன்று நாள் நிற்கும்.

பெயர் எழுதுகிற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

இன்னொரு செய்தி. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை ஒருவரும் எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்கள் என்று பத்திரிகைகளில் வந்திருக்கிறது. வகுப்பு ஆசிரியை எனக்கு வாசிக்கத் தந்தார். அப்பாவுடையது மட்டும் அல்ல, எல்லாருடையதும். அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரில் இரண்டு வேலை செய்கிற ஒருவரின் மனைவியின் பேப்பரும் அப்படித்தான் கிடந்ததாம், மேரிகிறேஸ் அக்காவுக்கு அவரைத் தெரியும். நான் அந்தப் பத்தியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அது அவையளுக்கு. என்ர கை வேற" என்றார். யூலை பதினெட்டுக்கு ரிக்கற் எடுத்தாயிற்று.

நீங்கள் வராமல் இருப்பது ஐரிஸினால் அல்ல. அது எனக்கு இப்போது தெரியும். ஆனால் அப்பா திரும்பிப் போவது அதனால்தான்.

அதனால் இன்றைக்கு எழுதினேன், இரண்டு பக்கம். ஒக்ரோபரில் மண் போட்டதிலிருந்து, கெர்டா கேட்டது என்ன, நான் அப்பாவிடம் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன, நான் "யா" என்றது வரைக்கும். "உங்கட கையில பிழை இல்லை அப்பா, நீங்கள் வைச்சது சரியாய்த்தான் வைச்சனீங்கள், கெர்டாவிட்டக் கேளுங்கோ, இந்த முறை வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கோ" என்று முடித்தேன். அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு அறைக்குள் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருந்தால் ஓடிப்போய் அதைத் திருப்பி எடுத்துவிடுவேன்.

அப்பா வந்துவிட்டார். கை கழுவுகிறார். மீன் மணம் போக இரண்டு தரம் சவர்க்காரம் போடுவார். கதிரையை இழுக்கிறார்.

பேப்பர் பிரிகிற சத்தம்.

அப்பா மெல்லத்தான் வாசிப்பார். முதல் பக்கம் முடிய இவ்வளவு நேரம் எடுக்காது என்று நினைக்கிறேன். திரும்ப வாசிக்கிறார் போல. இப்போது பக்கம் புரட்டுகிறார்.

அம்மா, அவசரமாக எழுதுகிறேன், எழுத்து வாசிக்க முடியாவிட்டால் மன்னியுங்கள்.

சாப்பிடவில்லை. கதிரை பின்னுக்குப் போகிறது. எழும்பிவிட்டார். வருகிறார்.

எங்கள் வீட்டில் ஒருவரும் கதவு தட்டுவதில்லை. அப்பா தள்ளித் திறந்துகொண்டுதான் "பிள்ளை" என்பார். இப்போது வெளியே நிற்கிறார். கதவுக்குக் கீழே அவருடைய கால் நிழல் தெரிகிறது. கூப்பிடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

அம்மா, அப்பா தட்டுகி—